எடைமேடையிலிருந்து ஆபீசுக்கு ஒரு ஒயர்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த கம்பி மில்லில் யாருக்கும் பெயர் கிடையாது. சம்பளப் பட்டியலில் இருந்திருக்கும், வாயில் கிடையாது. கிரேன் ஓட்டுகிறவர் கிரேன். ஸ்டோர்ஸில் இருப்பவர் ஸ்டோர்ஸ். உலைக்கு முன்னால் நின்று வேகிற அத்தனை பேரும் மொத்தமாக ஃபர்னஸ். ஆள் செக்ஷன் மாறினால் அன்று சாயங்காலமே பெயரும் மாறிவிடும். கேன்டீன்காரர் தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தார். அதில் அச்சடித்திருந்த பெயரைப் படித்துவிட்டு, யாரோ தெரியாத ஆள் வீட்டுக் கல்யாணம் என்று எங்களில் பாதிப் பேர் போகவில்லை. மறுநாள் சாம்பாரில் அந்தக் கோபம் தெரிந்தது.

நான் வேபிரிட்ஜ். கேட்டை ஒட்டி, லாரியை ஏற்றி நிறுத்தி எடை பார்க்கிற இரும்பு மேடை. அதன் பக்கத்தில் ஒரு தகர ரூம். ரூமுக்குள் ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஃபேன், நான். மூன்றில் எது அதிகச் சத்தம் போடும் என்பதில் லாரி டிரைவர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. காலி லாரி உள்ளே வரும்போது ஒரு எடை, கம்பி ஏற்றிக்கொண்டு வெளியே போகும்போது ஒரு எடை. இரண்டையும் தட்டி, சீட்டில் எழுதி, கையில் பிடித்துக்கொண்டு ஆபீஸ் வரைக்கும் ஓடவேண்டும். அங்கே இன்னொருவர் அதே எண்ணை இன்னொரு கம்ப்யூட்டரில் தட்டுவார். நான் ஒன்றை ஏழு மாதிரி எழுதுவேன். அவர் ஏழை ஒன்று மாதிரி படிப்பார். இப்படியாகத்தான் தமிழ்நாட்டுக்குக் கட்டுமானக் கம்பி போய்க்கொண்டிருந்தது.

ஆபீசில் ஒரு கண்ணாடிக் கதவு ரூம் இருந்தது. ஏ.சி. போட்ட ரூம் மில்லிலேயே இரண்டுதான். ஒன்று மேனேஜருக்கு, இன்னொன்று கம்ப்யூட்டர் ஒயர்கள் எல்லாம் வந்து சேர்கிற ஒரு பெட்டிக்கு. அந்தப் பெட்டியில் சின்னச் சின்னப் பச்சை வெளிச்சங்கள் கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும். ஏதாவது பழுது வந்தால் சென்னையிலிருந்து ஒரு இன்ஜினியர் வருவார். ஒருநாள் அவர் குனிந்து வேலை பார்க்கும்போது, அந்த வெளிச்சம் எதற்குச் சிமிட்டுகிறது என்று கேட்டேன். அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். பின்னாலிருந்து மேனேஜர் முந்திக்கொண்டார்.

“உனக்கு எதுக்கு? நீ வேபிரிட்ஜு. போய் லாரியை எடை போடு.”

திட்டினால்கூட மறந்திருப்பேன். அந்த ‘உனக்கு எதுக்கு’ மட்டும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. பள்ளிக்கூடத்தில் எத்தனையோ வாத்தியார்கள் படி படி என்று கெஞ்சியும் படிக்காதவன் நான். பி.காம் முடித்தேன் என்று சொன்னால் பி.காமுக்கே கோபம் வரும். இரண்டு பேப்பர் இன்னும் எனக்காகக் காத்திருந்தது. ஆனால் வேண்டாம் என்று ஒருவர் சொன்னதும் எனக்குக் கல்வித் தாகம் வந்துவிட்டது. படிக்கக்கூடாது என்று முன்னாலேயே யாராவது தடுத்திருந்தால் கலெக்டர் ஆகியிருப்பேன்.

பொன்னேரியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் நெட்வொர்க் வகுப்பில் சேர்ந்தேன். வாத்தியார் போர்டில் ஏழு கட்டம் போட்டு, நெட்வொர்க்குக்கு ஏழு அடுக்கு என்றார். மேலிருந்து கீழே மனப்பாடம், கீழிருந்து மேலே மனப்பாடம். ஒயர் எங்கே சார் என்று கேட்டேன். ஒயர் மூன்றாம் மாதத்தில் வரும் என்றார். கல்யாணமாகி மூன்று மாதம் கழித்துதான் பெண்ணைக் காட்டுவோம் என்கிற மாதிரி இருந்தது. இரண்டாவது வாரமே எழுந்து வந்துவிட்டேன்.

அப்புறம் நான் போய் நின்றது என் சிநேகிதனின் கடையில். பழவேற்காட்டுக்காரன், என்னோடு காலேஜில் அதே இரண்டு பேப்பரை விட்டவன். இறாலும் நண்டும் ஏற்றுமதிக்கு வாங்கி அனுப்புகிற குடும்பம் அவனுடையது. வாசம் பிடிக்கவில்லை என்று வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு பொன்னேரி ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். நான்கு கம்ப்யூட்டர், நடுவில் பிளைவுட் தடுப்பு, ஊதுவத்தி. நெட்வொர்க் பற்றி அவனுக்கும் ஒன்றும் தெரியாது. எங்கள் நட்பே அப்படிப்பட்ட அடித்தளத்தில் கட்டியதுதான்.

“மாமு, இந்த ஒயர்காரனுக்குப் போன் பண்ணிப் பண்ணி பேஜாரா பூடுச்சுடா. நாமளே கத்துக்கினா இன்னா?” என்றான். இரண்டு பேருமாக ரயிலேறி, சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கிற ரிச்சி தெருவுக்குப் போய், ஒயர் முனையில் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் பின் வைத்து நசுக்குகிற கிரிம்பிங் டூல் ஒன்று வாங்கினோம். யார் காசு என்று இன்றைக்கும் அவனுக்கும் எனக்கும் வழக்கு இருக்கிறது. டூல் என்னிடம் இருக்கிறது.

நெட்வொர்க்குக்குப் போடுகிற நீல ஒயரைச் சீவினால் உள்ளே எட்டு மெல்லிய கம்பி. வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பிரவுன், பிரவுன். இந்த வரிசையில் பிடித்து, நேராக வெட்டி, பின்னுக்குள் தள்ளி, நசுக்க வேண்டும். வெள்ளைப் பச்சைக்கும் பச்சைக்கும் நடுவில் நீலக் குடும்பம் ஏன் வந்து குடியேறியது என்று எங்களுக்குப் புரியவேயில்லை. ஒழுங்காகப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் என்ன என்று நான் என் இஷ்டத்துக்கு வரிசை போட்டுப் பார்த்தேன். வேலை செய்யவில்லை. வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நான் நறுக்கிப் போட்ட கலர் துண்டுகளைப் பெருக்கிப் பெருக்கி என் மனைவி ஓய்ந்துபோனாள்.

“இன்னாங்க, கம்பெனியில லாரிதானே எடை போடறீங்க? ஊட்ல இன்னாத்துக்கு இந்தக் குப்பை?”

நெட்வொர்க் கற்கிறேன் என்றேன். அவள் ஒரு துண்டை எடுத்துப் பார்த்து, இதில் பத்து துண்டு சேர்த்து முறுக்கினால் பாவாடை நாடாவுக்காவது ஆகுமா என்று கேட்டாள். என் கல்விக்கு வீட்டில் கிடைத்த ஊக்கம் அவ்வளவுதான்.

கடையில் இரண்டு கம்ப்யூட்டரை நேராக ஒரு ஒயரில் இணைத்தோம். ஒன்றும் நடக்கவில்லை. ஒயரை மாற்றினோம், பின்னை மாற்றினோம், கம்ப்யூட்டரின் முகத்தைத் திருப்பி வைத்தோம். கடைசியில் ஒரு பழைய புத்தகக் கடைப் புத்தகத்தில் இருந்தது: இரண்டு கம்ப்யூட்டரை நேரடியாகக் கட்டினால் இரண்டும் ஒரே கம்பியில் பேசும், ஒரே கம்பியில் காது வைக்கும். பேசுகிற கம்பியை எதிராளி கேட்கிற கம்பியோடு ஒரு முனையில் மாற்றிப் போட வேண்டும். அதைப் படித்ததும் என் சிநேகிதனும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். காலேஜ் நாளிலிருந்து நாங்கள் இருவரும் அப்படித்தான். ஒரே நேரத்தில் பேசுவோம், ஒருவரும் கேட்டதில்லை.

முனையை மாற்றிப் போட்டோம். பச்சை வெளிச்சம் வந்தது. அடுத்து நம்பர். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் நான்கு பகுதியாக ஒரு எண் கொடுக்க வேண்டும். எங்கள் கணக்கில் முதல் மூன்று தெருப் பெயர் மாதிரி, கடைசி எண் கதவு நம்பர் மாதிரி. நான் என் கம்ப்யூட்டருக்கு ஒன்று என்று போட்டேன். அவனும் ஒன்று என்று போட்டான். இரண்டாம் நம்பராக இருக்க யாருக்கும் மனசில்லை. இந்த எண்ணில் ஏற்கெனவே ஒரு ஆள் இருக்கிறார் என்று திரையில் எச்சரிக்கை வந்தது. கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

“சரி, நீயே ஒண்ணா இரு மாமு. எப்டியும் கட என்னுதுதானே,” என்று அவன் இரண்டு ஆனான்.

அப்புறம் பிங் அடித்தேன். அந்த எண்ணில் ஆள் இருக்கிறாரா என்று கூப்பிட்டுப் பார்க்கிற கட்டளை அது. கறுப்புத் திரையில் பதில் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. என் வாழ்க்கையில் ஒரு தடவை கூப்பிட்டு நான்கு தடவை பதில் வந்தது அதுதான் முதல். வீட்டில் கணக்கு நேர் எதிர். இன்னொரு தடவை அடித்தேன். மறுபடியும் நான்கு. கரண்ட் போகிறவரைக்கும் அடித்துக்கொண்டே இருந்தேன். கரண்ட் சீக்கிரமே போனது. அத்திப்பட்டு அனல் மின்நிலையத்தின் புகைபோக்கி எங்கள் ரயில் ஜன்னலில் தினமும் தெரியும். அதிலிருந்து வருகிற மின்சாரம் மட்டும் எங்களைத் தாண்டித் தூரமாக எங்கேயோ போய்விடும்.

இந்தப் பெருமையோடு நான் சும்மா இருந்திருக்கலாம். அந்தச் சமயம் பார்த்து, எடைமேடையை ஆபீஸ் நெட்வொர்க்கோடு இணைக்க சென்னைக்காரர்கள் ஒரு கொட்டேஷன் அனுப்பினார்கள். கண்ணாடி இழை ஒயராம். மேனேஜர் அதைப் படித்துவிட்டு, இந்த டப்புக்கு ஒரு லாரியே வாங்கலாம் என்று மேசையில் வீசினார். சீட்டு கொடுக்கப் போயிருந்த நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

“நான் இழுக்கறேன் சார்,” என்றேன்.

ஆபீசே திரும்பிப் பார்த்தது. மேனேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேடிக்கை பார்க்கலாம் என்று நினைத்தாரோ, ஒயர் செலவு மட்டும்தானே என்று நினைத்தாரோ, ஒத்துக்கொண்டார்.

“ஆயுத பூஜைக்குள்ள லைன் ஒழுங்கா நிக்கணும். நிக்கலைன்னா இனிமே ஒயர் பக்கம் உன்னைப் பாக்கக் கூடாது. சரியா?”

“நின்னா?”

“நின்னா பாக்கலாம்.”

“பாக்கலாம் இல்ல சார். நின்னா என்னை வேபிரிட்ஜுன்னு கூப்பிடக் கூடாது. நெட்வொர்க்குன்னு கூப்பிடணும்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன், எனக்கு அது கைவந்த கலை. ஆனால் அதை நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. பெயரே இல்லாத இடத்தில் செக்ஷன்தான் ஒரு மனிதனுக்கு மிச்சம். அதையாவது நானே தேர்ந்தெடுத்ததாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு அப்படி ஒரு வெறி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டான் வந்தான். காம்பவுண்டு சுவர் ஓரமாகப் பிளாஸ்டிக் குழாய் போட்டு, அதற்குள் ஒயரை விட்டு, தகர ரூமிலிருந்து ஆபீஸ் வரை ஒரே இழுப்பாக இழுத்தோம். இரண்டு முனையும் கிரிம்ப் பண்ணிச் செருகி, பிங் அடித்தேன். ஒரு பதில் வந்தது. அடுத்தது வரவில்லை, அதற்கடுத்ததும் வரவில்லை. பச்சை வெளிச்சம் தூக்கம் வந்த வாட்ச்மேன் மாதிரி விட்டு விட்டுக் கண் திறந்தது. செம்பு ஒயர் அவ்வளவு தூரம் போகாது என்று அந்த இன்ஜினியர் சொல்லித்தான் இருந்தார். வியாபாரத்துக்குச் சொல்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். நூறு மீட்டர்தான் எல்லை. நடுவில், வந்த சிக்னலை வாங்கித் தெம்பேற்றி அனுப்புகிற சுவிட்ச் பெட்டி ஒன்று வைத்தால் அங்கிருந்து இன்னொரு நூறு மீட்டர். மேனேஜரிடம் அடம் பிடிக்கலாம், நூறு மீட்டரிடம் முடியாது. ஒயரை இழுத்து இறுக்கிக்கூடப் பார்த்தேன்.

நடுவில் என்றால் எங்கே? மழை படக்கூடாது, பிளக் பாயின்ட் வேண்டும். சுவர் ஓரமாக நடந்து பார்த்தோம். சரிபாதியில், வேப்பமரத்தடியில், எங்கள் மில்லின் அம்மன் கோயில் இருந்தது. சின்னக் கோயில்தான். ஆனால் கான்கிரீட் கூரை, இரும்புக் கிரில் கதவு, சீரியல் பல்புக்கு பிளக் பாயின்ட் எல்லாம் இருந்தது.

அதற்குப் பூசாரி கிரேன். நாள் முழுக்க டன் கணக்கில் இரும்பைத் தூக்குகிற கை, காலையில் ஷிஃப்டுக்கு முன்னால் கற்பூரத் தட்டைத் தூக்கும். கும்மிடிப்பூண்டிக்கு அந்தப் பக்கம், ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர்க்காரர். எங்களை நைனா என்றுதான் கூப்பிடுவார். அவரிடம் போய் நின்றோம். என் சிநேகிதன் கடையிலிருந்து கொண்டுவந்திருந்த பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தார். அம்மனுக்குப் பின்னால் எண்ணெய் டின் வைக்கிற பலகையில் வைத்துக்கொள்ளச் சொன்னார். செருப்பு கூடாது, வெள்ளிக்கிழமை கறி தின்றுவிட்டு வந்து தொடக் கூடாது. என் சிநேகிதன் படிக்குக் கீழேயே நின்று ஒயர் நீட்டிக்கொண்டிருந்தான்.

“நீயும் கை கால் கழுவிக்கினு மேல வா நைனா. அங்கயே நின்னுக்கினு இருந்தா ஒயர் எப்புடி உள்ள வரும்?” என்றார் கிரேன்.

“இன்னொரு முனைய யாராச்சும் புடிக்கணும் இல்ல நைனா,” என்று அவன் கீழேயே நின்றான். கிரேன் உள்ளேயிருந்து நீட்டினார், அவன் வெளியே பிடித்தான். வேலை முடிந்ததும் அவர்கள் இரண்டு பேருக்கும் சுண்டல் கிடைத்தது. எனக்கு இலையில் ஒட்டியிருந்த மிச்சம்தான்.

திங்கட்கிழமை காலையில் முதல் லாரி ஏறியது. தகர ரூமில் நான் எடையைத் தட்டினேன், ஆபீஸ் கம்ப்யூட்டரில் அது தெரிந்தது. சீட்டு இல்லை, ஓட்டம் இல்லை. எட்டிப் பார்க்க வந்த மேனேஜர் ம் என்றார். அந்த ‘ம்’மை வீட்டுக்குப் போய் மனைவியிடம் விரிவாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்தால் லைன் செத்துக் கிடந்தது.

மதியம் முழுக்க அதோடு போராடினேன். பின்னைக் கழற்றி ஊதினேன். முனையை வெட்டி மறுபடியும் கிரிம்ப் பண்ணினேன். சாயங்காலம் லைன் வந்துவிட்டது. ஆகவே கிரிம்பில்தான் கோளாறு என்று முடிவு கட்டினேன். செவ்வாய்க்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் மறுபடியும் போனது. அன்றைக்குக் கம்ப்யூட்டரைக் கழற்றித் துடைத்தேன். சாயங்காலம் வந்துவிட்டது. ஆகவே தூசி. புதன்கிழமை எலி. குழாய்க்குள் எலி இருக்கிறதா என்று காது வைத்துக் கேட்டேன், தட்டினேன், சாயங்காலம் வந்துவிட்டது, ஆகவே எலி ஓடிவிட்டது. நான் கடைசியாக எதைச் செய்தேனோ அதுவே ஒவ்வொரு நாளும் மருந்தாகிவிட்டது. ஒரே வாரத்தில் மூன்று வியாதிக்கு வைத்தியம் கண்டுபிடித்த டாக்டர் அந்தத் தொழிற்பேட்டையிலேயே நான் ஒருவன்தான்.

மதியம் வருகிற லாரிகள் ரோடு வரைக்கும் நின்றன. பழையபடி சீட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். டிரைவர்கள் ஹாரன் அடித்து உற்சாகப்படுத்தினார்கள். நான் ஓடிப் போகும்போதெல்லாம் மேனேஜர் ஜன்னலிலிருந்து, “என்ன வேபிரிட்ஜு, ஆயுத பூஜை வருதே,” என்பார். வேபிரிட்ஜு என்பதில் ஒரு தனி அழுத்தம் இருக்கும். இதை விட்டுத் தொலை, இதற்கென்ன தனியாகவா சம்பளம் வாங்குகிறாய் என்று ஸ்டோர்ஸ் சொன்னார். நான் விடுவதாக இல்லை. தெரியாது என்று ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை, அது நமக்குப் பழக்கம்தான். முடியாது என்று ஒத்துக்கொள்வது வேறு.

போகிற வழியில் அம்மன் கோயில். நடை சாத்தியிருக்கும். கிரில் கதவுக்கு வெளியே நின்று கண்ணை மூடிக் கும்பிடுவேன்: அம்மா, உன் முதுகுக்குப் பின்னால்தான் என் பெட்டி இருக்கிறது, கொஞ்சம் பார்த்துக்கொள். சாயங்காலம் நடை திறக்கும், லைனும் வந்துவிடும். வேண்டுதல் பலிக்கிறது என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வெள்ளிக்கிழமை இரண்டு எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்தேன்.

பழவேற்காட்டான்தான் போனில் கேட்டான், பாதிப் பாதியாகப் பிரித்துப் பார்த்தாயா என்று. பழுது தெரியாவிட்டால் நடுவில் போய் நிற்க வேண்டும், இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும், அப்புறம் அந்தப் பாதியைப் பாதியாக்க வேண்டும். அவன் கடையில் அவனாகக் கற்றுக்கொண்டது அது. நடுவில் என்றால் பெட்டி. பெட்டியில் எந்தப் பக்கத்து வெளிச்சம் எரிகிறது என்று பார்த்தால் போதும்.

மறுநாள் சாப்பாட்டு நேரம் முடிந்து லைன் செத்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினேன். கிரில் வழியாக, அம்மனின் தோளுக்கு மேலாக, எண்ணெய் டின்னுக்குப் பக்கத்தில் வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. பெட்டி மொத்தமாகக் கண் மூடிக் கிடந்தது. சீரியல் பல்பும் எரியவில்லை. அம்மனுக்கு மேலே இருந்த குண்டு பல்பும் எரியவில்லை. கதவுக்குப் பக்கத்தில் மெயின் பலகையில் கைப்பிடி கீழே தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு வாரமாக நான் கும்பிட்டு நின்ற இடத்திலிருந்து கையை நீட்டினால் எட்டுகிற தூரம்.

கிரேனைப் பிடித்தேன். மெயினை நீங்களா அணைக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“வேற யாரு? சாப்பாட்டு மணி அடிச்சா பூஜ பண்ணிட்டு நடைய சாத்துவேன். வெளக்கு அணைச்சாதான் சாத்தினதா கணக்கு. இது இன்னா கேள்வி?”

“அதுல என் பொட்டி இருக்கே நைனா.”

“நேத்து வந்த பொட்டிக்கோசரம் அம்மா தூங்கச் சொல்லோ மூஞ்சியில லைட்டடிச்சிக்கினு இருக்க முடியுமா?”

“அம்மா தூங்குது, சரி. லாரி தூங்கலியே.”

“லாரிக்கு நான் பூசாரி இல்ல.” கொஞ்சம் யோசித்தார். “தெனிக்கும் மத்தியானத்துல கதவாண்ட நின்னு கும்புட்டியே, அது இதுக்குத்தானா?”

“ஆமா.”

“என்னக் கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே. மெயின எறக்கறது அம்மாவா, நானா?”

அவர் இறங்கி வரவில்லை, நானும் விடவில்லை. நடை சாத்தினால் உள்ளே மின்சாரம் கூடாது என்பதில் அவர் இரும்பு. சாப்பாட்டு மணிக்கு அப்புறமும் லாரி எடை ஆபீசுக்குப் போக வேண்டும் என்பதில் நான். மூன்று நாள் பேசினோம், கிரேன் கூண்டுக்கு ஏணி ஏறிப் போய்க்கூடப் பேசினேன். கடைசியில் பெட்டியைக் கோயிலுக்கு வெளியே, பொங்கல் வைக்கிற ஷெட்டின் சுவருக்கு மாற்றுவது என்று முடிவானது. மெயினுக்கு முன்னாலேயே பிரித்து அதற்கென்று தனியாக ஒரு லைன். கையெழுத்து இல்லாமல் தொட மாட்டேன் என்று எலக்ட்ரிகல் சொன்னார். கிரேன் அவரை ஒரு பார்வை பார்த்தார். சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது.

அதற்கப்புறம் லைன் விழவேயில்லை. மழை வந்தது, விழவில்லை. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மேனேஜரிடம் போய் நின்றேன்.

“நின்னுடுச்சு சார்.”

நடுவில் ஒரு வாரம் விழுந்ததே என்றார். ஆயுத பூஜைக்குள் நிற்க வேண்டும் என்பதுதானே பேச்சு என்றேன். சரி, நல்ல வேலைதான், இனிமேல் சென்னைக்காரர்களே பார்த்துக்கொள்வார்கள், பேசியாகிவிட்டது என்றார். பெயர் விஷயத்தை நான் எடுத்தபோது, ஏற்கெனவே ஃபைலுக்குள் தலையை விட்டிருந்தார்.

“போ வேபிரிட்ஜு. லாரி நிக்குது பாரு.”

எங்கள் மில்லில் ஆயுத பூஜைக்கு ஒரு வழக்கம் உண்டு. எல்லாவற்றையும் நிறுத்தி, கழுவித் துடைத்துவிட்டு, ஒவ்வொரு செக்ஷனிலிருந்தும் ஒரு ஆயுதத்தை அம்மன் முன்னால் பலகையில் கொண்டுவந்து வைப்பார்கள். கிரேன் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, எந்த செக்ஷன் என்று கேட்பார். அந்த ஆள் சொல்ல வேண்டும். சந்தனமும் குங்குமமும் வைத்துப் பலகையில் திரும்ப வைப்பார். வைத்ததை மறுநாள் மறுபூஜை வரைக்கும் யாரும் எடுக்கக் கூடாது, மேனேஜரே ஆனாலும். ஃபர்னஸுக்கு நீளக் கிடுக்கி, ஸ்டோர்ஸுக்குச் சாவிக்கொத்து. எனக்கு எடைமேடையைச் சோதிக்கிற இருபது கிலோ எடைக்கல். வருடா வருடம் அதைத் தூக்கிக்கொண்டு வருவேன், இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

அந்த வருடமும் தூக்கிக்கொண்டு வந்தேன். வைத்தேன். அப்புறம் சட்டைப் பையிலிருந்து கிரிம்பிங் டூலை எடுத்து, எடைக்கல்லிலிருந்து கொஞ்சம் தள்ளி, தனியாக வைத்தேன். பூஜைக்காக வேட்டி கட்டி வந்திருந்த மேனேஜர் முன்வரிசையில் நின்றிருந்தார்.

“என்னது இது?”

“கிரிம்பிங் டூல் சார்.”

“கம்பெனி ஆயுதம்தான் இங்க வைக்கணும். எடு.”

“எடுக்க மாட்டேன் சார்.”

இதை நான் வாய்க்குள்தான் சொன்னேன். வழக்கமாக மில் போடுகிற இரைச்சலில் அது எனக்கே கேட்டிருக்காது. ஆனால் அன்றைக்கு உலை முதல் ஃபேன் வரை எல்லாமே நின்றிருந்தன. நான் அதை மறந்துவிட்டேன். கேட் வாட்ச்மேன் வரைக்கும் கேட்டது. மொத்தக் கூட்டமும் என்னைப் பார்த்தது.

மேனேஜர் ஒரு அடி முன்னால் வந்தார். அதற்குள் கிரேன், கிடுக்கியை முடித்துவிட்டு, வரிசையில் நடுவில் இருந்த சாவிக்கொத்தையும் எடைக்கல்லையும் தாண்டி, நேராக என் டூலைக் கையில் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். பத்து டன் கொக்கியைப் பிடிக்கிற அந்தக் கையில் அது பல் குத்துகிற குச்சி மாதிரி இருந்தது.

“எந்த செக்ஷன்?”

“நெட்வொர்க்,” என்றேன்.

“கேக்கல.”

கேட்டது. எல்லாருக்கும் கேட்டது.

“நெட்வொர்க்!”

கிரேன் தலையாட்டினார். கை நிறையச் சந்தனத்தை எடுத்து அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, பலகையில் வைத்தார். சந்தனம் டூலின் பல்லுக்குள் எல்லாம் போய்விட்டது. அப்புறம் ஒரு மாதத்துக்கு நான் கிரிம்ப் பண்ணிய ஒயரெல்லாம் கோயில் வாசனை அடித்தது. மேனேஜர் பலகையைப் பார்த்தார், குங்குமத்தைப் பார்த்தார், கிரேனைப் பார்த்தார். இனி எடுக்க முடியாது. கற்பூரத் தட்டு வந்ததும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பொரி வாங்கிக்கொண்டு கிளம்பிப் போனார்.

மறுநாளிலிருந்து ஃபர்னஸ் என்னை நெட்வொர்க்கு என்றார்கள். ஸ்டோர்ஸும், கேன்டீனும், லாரி டிரைவர்களும்கூட. சம்பளம் மாறவில்லை, தகர ரூமும் மாறவில்லை, ஃபேன் சத்தமும் அதேதான். மேனேஜர் மட்டும் என்னைக் கூப்பிடவே இல்லை. வேண்டுமென்றால் ஆள் விட்டு அனுப்புவார். பெயர் சொல்லாமல் ஒரு மனிதனைக் கூப்பிட எத்தனை வழி உண்டு என்று அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். கை தட்டுவார், இருமுவார், பேனாவால் மேசையைத் தட்டுவார்.

தீபாவளி கழிந்து ஒருநாள் ஆபீஸ் வராந்தாவில் போய்க்கொண்டிருந்தேன். ஏ.சி. ரூம் கதவு திறந்தது.

“ஏ வே...” என்று ஆரம்பித்தவர் விழுங்கிக்கொண்டார். வராந்தாவில் கிரேன் உட்பட நான்கைந்து பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் மூக்கைச் சொறிந்தார். தொண்டையைக் கனைத்தார்.

“நெட்வொர்க்கு. இங்க வா.”

நான் ஓடவில்லை, நடந்து போனேன். அந்த மில்லில் அவர் கூப்பிட்டு நான் நடந்து போனது அதுதான் முதல் தடவை. உள்ளே குளிராக இருந்தது. அவர் மேசைப் பிரிண்டர் ஒரு காகிதத்தைப் பாதி தின்றுவிட்டு மீதியைத் துப்பாமல் உறுமிக்கொண்டிருந்தது.

“என்னன்னு பாரு.”

குனிந்து நன்றாகப் பார்த்தேன்.

“இது பிரிண்டர் சார்.”

“அது எனக்கும் தெரியுது. சரி பண்ணு.”

“என் செக்ஷன் இல்ல சார்,” என்று சொல்லிவிட்டு லாரி எடை போடப் போனேன்.